உன் தங்கையை ஏன் வேண்டாமென்றாய்?

அடியே,

இன்று காலை உங்கள் வீட்டு அடுப்படிப் பக்கம் போனபோது வெந்த ரப்பர் வாடை அடித்தது. எட்டிப் பார்த்தால், உன் தங்கை மோனிஷா பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவைத்து, புது மவுத் கார்டை அதில் போட்டுக் கரண்டியால் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் பல் உடையாமல் இருக்கப் போடுகிற அந்த வளையம், வெந்நீரில் இளகியதும் கடித்துப் பதித்தால்தான் அவரவர் பல்லுக்கு அமையும் என்பது உங்கள் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. பட்டு நூல் சுற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏண்டி, பால் காச்சற பாத்திரந்தான் கெடைச்சுதா உனக்கு? இதுல இனிமே எப்டிடி சாமிக்குப் பால் வெப்பேன்?" என்று அவர் கத்த, அவள் வாயில் அதைக் கடித்துக்கொண்டு "ம்ம், ம்ம்" என்று கையாட்ட, நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஒரு கணம் அது நீதான் என்று நினைத்துவிட்டேன்.

சென்னைக் கல்லூரி விடுதியில் உன் முதல் மவுத் கார்டை நீ பண்ணிய பாடு நினைவிருக்கிறதா? வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அதில் முக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாய். போதும் எடுடி என்று நான் கத்தினால், "இரு, இட்லி வேவறதுக்கே நேரம் ஆவுது, ரப்பர் வேவ வேணாமா?" என்றாய். அது சுருண்டு பழைய செருப்பு வார் போல ஆகிவிட்டது. ஆத்திரத்தில் அதையே எடுத்துக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, அப்புறம் பல நாள் ரசம் சாதம் கூடச் சாப்பிட முடியாமல் திரிந்தாய். நான் உன் முன்னால் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றேன். சிநேகிதி என்றால் அப்படித்தான்.

ரக்பிப் பந்தை நாம் அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. ஆரணிக் கோட்டை மைதானத்தில் கபடி ஆடி வளர்ந்தவர்கள் நாம். கபடி ஆடுகிற பெண்களுக்கு விழுகிற பயம் இருக்காது என்று சொல்லித்தான் கல்லூரியில் நம்மை அந்த ஆட்டத்துக்கு இழுத்தார்கள். பயம் இல்லைதான். வேறு ஒரு தொல்லை இருந்தது. கபடியில் ஒருத்தியைப் பிடித்துவிட்டால் வானமே இடிந்து விழுந்தாலும் விடக்கூடாது. மற்றவர்கள் வந்து மேலே விழுகிற வரை தொங்க வேண்டும். ரக்பியில் இது தலைகீழ். பந்தோடு ஓடுகிறவளைப் பிடித்துத் தரையில் சாய்த்த மறுகணமே கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் விசில், பந்து எதிராளிக்குப் போய்விடும். நமக்கு அது மண்டைக்கு ஏறியது, கைக்கு ஏறவில்லை.

எனக்குக் கொஞ்ச நாளில் ஏறிவிட்டது. உனக்குக் கடைசி வரை ஏறவில்லை. கல்லூரிகளுக்கான இறுதி ஆட்டத்தில், எல்லைக் கோட்டுக்கு அருகில் ஒருத்தியைச் சாய்த்துவிட்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தாய். "உட்றி! உட்றி!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். விசில் ஊதினார்கள். அதிலேயே ஆட்டம் போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் மற்றவர்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வர, நீ மட்டும் சிரித்தாய். "புடிச்சத உடுன்னா எப்டிடி உடறது? ஆரணிக்காரி கைடி இது," என்றாய். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு உன்னைக் கூப்பிடாமல் போனதற்கு அந்த விசில்தான் காரணம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஊருக்குத் திரும்பினோம். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை ஆனேன். நீ பட்டுச் சேலைக் கடையில் உட்கார்ந்து விலை சொல்லிக்கொண்டே, சாயங்காலமானால் பெண்களைத் திரட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவாய். ஓட்டத்துக்கு நான், பிடிக்கு நீ. ஆற்று மணலில் அவர்களை ஓடவிட்டால், "தண்ணி வராத ஆத்துக்கு நாமளாச்சும் ஒரு வேலை குடுத்தோமே," என்பாய். அந்தப் பெண்களில் பொடியாக வந்து நின்றவள்தான் மோனிஷா. அவளுக்குக் கபடியும் நீதான் கற்றுக்கொடுத்தாய், ரக்பியும் நீதான் கற்றுக்கொடுத்தாய். நம் பெண்கள் மாநில அணிக்குப் போக, பின்னாலேயே நாமும் பயிற்சி கொடுக்கப் போனோம்.

பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை மேசையில் நாம் எத்தனை இந்திய அணியைத் தேர்ந்தெடுத்திருப்போம்! ஏழு பேர் ஆடுகிற ரக்பி. பிஸ்கட் ஒருத்தி, சர்க்கரைக் கிண்ணம் ஒருத்தி, என் கைக்கடிகாரம் ஒருத்தி. நான் வேகமாக ஓடுகிற பிஸ்கட்டை உள்ளே தள்ளுவேன். நீ அவளை எடுத்து டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் பிடிக்கிறவளை வைப்பாய். "ஓடறவ கைதட்டு வாங்குவா, புடிக்கறவ கப்பு வாங்குவா." இதுதான் உன் வேதவாக்கு. நம் கூச்சல் தாங்காமல் கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"இன்னாம்மா சண்டை, கிரிக்கெட்டா?"

"ரக்பிண்ணா."

"அதுல இந்தியாகூட ஆடுதா?"

"ஆடிகினுதான் இருக்குது. நீங்க எனக்கு இன்னும் ஒரு டீ போடுங்க," என்றாய்.

விளையாட்டாகச் செய்துகொண்டிருந்ததே வேலையாகவும் வந்து வாய்த்தது. இந்தியப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் உன்னைப் போட்டார்கள். மூன்று பேர் குழு. தலைவர் கொல்கத்தாப் பக்கத்துப் பெரியவர், இன்னொருவர் மும்பை அம்மாள், மூன்றாவதாக ஆரணியிலிருந்து நீ. முதல் கூட்டம் முடிந்து வந்தவுடன் அங்கே நடக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பெயர்ப் பட்டியலில் தங்கள் சொந்தக்காரப் பெண்ணின் பெயர் வந்தால் அந்த ஆள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். "வெளியே போங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்பார் தலைவர். மும்பை அம்மாளுக்கு அண்ணன் மகள், நாத்தனார் மகள் என்று ஏகப்பட்ட பேர் ஆடுவதால், "அந்தம்மா பாதி நேரம் டீக்கடையிலதான் இருக்குது, பாவம்," என்றாய்.

போன வருடம் மோனிஷாவின் பெயர் வந்தது.

கடைசியில் நிற்கிற இடம் அது. மற்ற ஆறு பேரையும் தாண்டி ஒருத்தி பந்தோடு வந்துவிட்டால், அவளைத் தனியாக நின்று பிடிக்க வேண்டியவள். அந்த ஓரிடத்துக்கு இரண்டு பேர். ஒடிசாப் பெண் ஒருத்தி, காற்றாகப் பறப்பாள், பிடியில் சுமார். மோனிஷா பிடித்தால் உடும்பு. டீக்கடை மேசையில் எத்தனை நாள் எப்படிப்பட்டவளுக்காகச் சண்டை போட்டாயோ, அவளே கண்முன் வந்து நின்றாள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நீ எழுந்து டீ குடிக்கப் போவாய், மற்ற இரண்டு பேரும் அவளை எடுப்பார்கள் என்று இருந்தேன். சாயங்காலம் நீ போன் பண்ணினாய்.

"மோனி பேரு வந்துச்சி. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"இன்னாடி சொல்ற? நீ வெளியில போவலையா?"

"போவல."

"ஏண்டி?"

"புடிச்சா உட மாட்றா அவ. அவ்ளோதான். போனை வை, பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவ்வளவுதான். அக்காவே வேண்டாமென்ற பிறகு மற்ற இருவரும் ஒடிசாப் பெண்ணையே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, வேறு யார் வாயாலும் தெரிய வேண்டாமென்று, நீயே அவளிடம் சோற்றுத்தட்டின் முன்னால் சொன்னாயாம். அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனவள், உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். "பேசுவா, எங்க போவப் போறா," என்று நீயும் வீம்பாக இருந்தாய். ஊருக்கு முன்னால் அதைப் பற்றி உன்னிடம் கேட்கக் கூடாது, ஒரு நாள் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மோனிஷா உனக்குக் கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள், கால் பிடித்தாள். நீங்கள் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசினீர்கள், ஊசியைப் பற்றிப் பேசினீர்கள், பக்கத்துக் கட்டில் பாட்டியின் குறட்டையைப் பற்றிக்கூடச் சிரித்துப் பேசினீர்கள். அதை மட்டும் பேசவில்லை. நீயும் போய்விட்டாய்.

எனக்கு இன்றைக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தங்கைக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று சொன்னாயா? அதற்குத்தான் டீக்கடை இருக்கிறதே. எழுந்து போயிருந்தால் உன்னை யார் என்ன சொல்லியிருக்க முடியும்? பிடித்தால் விடமாட்டாள் என்கிறாய். அந்தத் தேர்வு ஆட்டங்களில் அவள் அதற்காக வாங்கியது ஒரே ஒரு விசில். ஒடிசாப் பெண்ணும்தான் வாங்கினாள். அவள் பிடியில் உன் பிடியைப் பார்த்தாயா? உன்னை வெளியே தள்ளிய அந்த விசில் இவளையும் ஒரு நாள் நாட்டுக்கு முன்னால் தலைகுனிய வைக்கும் என்று பயந்தாயா? அப்படியென்றால் அதை அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உங்கள் அப்பா இல்லாத வீடு, இவள் கழுத்து கால் ஒடித்துக்கொண்டால் அம்மா தாங்க மாட்டார் என்று நினைத்தாயா? பயப்படுகிறவள் எதற்கு அவளை மைதானத்துக்குக் கூட்டிவந்தாய்?

இன்னொன்றும் மனசில் வந்தது. அதை எழுதவே கை கூசுகிறது. தனக்குக் கிடைக்காதது தங்கைக்குக் கிடைக்கிறதே என்று... சீ! நீ கிழிந்த பூட்ஸுக்குத் தையல் போட்டுக்கொண்டு ஆடினவள். சென்னையில் பெரியமேட்டுக் கடைகள் பூராவும் அலைந்து அவளுக்குப் புது பூட்ஸ் வாங்கிவந்தவள். உன்னைப் போய் அப்படி நினைத்தேனே என்று என் கன்னத்தில் நானே போட்டுக்கொண்டேன். ஆனால் மோனிஷா அப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவே.

நீ போனபிறகு குழுவில் உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் தேர்வு வந்தது. மறுபடியும் அதே இடம், அதே இரண்டு பேர். மோனிஷாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இந்த முறையும் விட்டுப்போனால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள். "இந்த வாட்டி வரலன்னா அக்கா கடையில போய் உக்காந்துடறேன், ஆட்டத்த உட்டுடறேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா பட்டுக் கடைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். தேர்வு ஆட்டங்கள் நடக்கிற புவனேஸ்வருக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"யக்கா, நீங்களும் வேணாம்னுதான் சொல்லப் போறீங்களா?"

"அங்க ஆட்டத்த பாத்துதான்டி சொல்லணும்," என்றேன்.

"அக்கா ஏன் அப்டி சொல்லுச்சி? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"சத்தியமா தெரியாதுடி."

நம்பவில்லை. அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டிருந்த உங்கள் அம்மா, தலையைத் தூக்காமலே கேட்டார். "ஏம்மா, பெரியவ வேணாம்னா. நீ வேணும்னு சொன்னா, செத்தவ பேச்சைத் தள்ளின மாதிரி ஆவும். வேணாம்னு சொன்னா, இருக்கறவ வயித்துல அடிச்ச மாதிரி ஆவும். நீ இன்னா பண்ணுவே?" நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆட்டத்தைப் பார்த்தால் தெளிவு வந்துவிடும் என்று நம்பிப் போனேன். எங்கே வந்தது? முதல் ஆட்டத்தில் ஒருத்தியைக் கோட்டருகே சாய்த்துவிட்டு மோனிஷா கையை எடுக்கவில்லை, விசில். சரி, உன் பேச்சுதான் சரி என்று நினைத்தேன். அடுத்த ஆட்டத்தில் அதைவிடப் பெரிய ஆளைச் சாய்த்துவிட்டு, தீயைத் தொட்டவள் போலக் கையை எடுத்து, எழுந்து பந்தையும் பறித்தாள். அப்படியானால் நீ சொன்னது தப்பு. ஒடிசாப் பெண் அன்றைக்குப் பறந்தாள், ஆனால் இரண்டு பேரைப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் விடத் தொல்லை, மோனிஷா ஓடும்போது நாக்கை ஓரத்தில் துருத்திக்கொள்கிறாள், உன்னைப் போலவே. அதைப் பார்த்தால் நீயே ஓடுவதாகத் தோன்றுகிறது. அப்புறம் நான் எங்கே ஆட்டத்தைப் பார்ப்பது? நல்லா ஆடுகிறாள் என்று தோன்றுகிறதா, உன் தங்கை என்று தோன்றுகிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மதில்மேல் பூனையாவது ஏதோ ஒரு பக்கம் குதித்துவிடும். எனக்கு மதிலே தெரியவில்லை.

கூட்டத்தில் உட்கார்ந்தபோது என்னிடம் இரண்டு பேச்சும் தயாராக இருந்தன. எடுக்கலாம் என்பதற்கு ஒன்று, வேண்டாம் என்பதற்கு ஒன்று. இரண்டுமே நியாயமாகத்தான் இருந்தன. தலைவர் வழக்கம்போல, "சொந்தம் யாராவது உண்டா?" என்று கேட்டார். மும்பை அம்மாள் அன்றைக்கு அதிசயமாக இல்லை என்றார். எனக்கும் இல்லைதான். நீ எந்தச் சாதி, நான் எந்தச் சாதி, ஒரு சொட்டு ரத்தச் சொந்தம் கிடையாது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மோனிஷா என் தங்கை," என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க உங்க சிநேகிதியோட தங்கை இல்லையா?"

"எனக்கும் தங்கைதான்."

"சரி, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க," என்றார். கதவருகே போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி நின்று, "போன வருஷம் அவ ஏன் போகல?" என்று கேட்டேன். அவர் மும்பை அம்மாளைப் பார்த்தார், அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். "நானும் போகச் சொன்னேன். டீ வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்னு சொன்னாங்க," என்றார்.

அடிப்பாவி! வாழ்நாளில் யாராவது டீ வாங்கித் தருகிறேன் என்றால் நீ வேண்டாமென்று சொன்னதுண்டா?

வெளியே இருந்த கடையில் ஒரு டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். நான் டீயே குடிப்பதில்லை, பழக்கத்துக்கு உன்னோடு உட்காருவேன், அவ்வளவுதான். உள்ளே ஒரு பெண்ணின் பிழைப்பு பேசப்படுகிறது; நான் ஒருத்தி பேசியிருந்தால் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வெளியே வந்து அவளைக் கைவிட்டேனா, காப்பாற்றினேனா என்றே விளங்கவில்லை. உள்ளே ஓடிப்போய் "எடுங்கள் அவளை!" என்று கத்திவிடலாமா என்று ஒரு கால் முன்னால் போயிற்று. நின்றுவிட்டேன்.

மறுநாள் பட்டியலை ஒட்டினார்கள். நான் கிட்டே போகவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மோனிஷா போன் பண்ணினாள்.

"யக்கா, லிஸ்ட்ல வந்துட்டேன்."

நான் பட்டியலைப் பார்க்க நடக்க ஆரம்பித்தேன்.

"யக்கா... எனக்காக நீங்க பேசினீங்களா?"

"இல்லடி."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா இல்ல. உன் பேரு வந்தப்ப நான் வெளிய போயிட்டேன். ஒரு வார்த்தை பேசல. அவங்க ரெண்டு பேரும்தான் எடுத்தாங்க."

அப்புறம், "அப்போ நானாத்தான் வந்தனா?" என்று கேட்டாள். நான் "ஆமாண்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் வெடித்து அழ ஆரம்பித்தாள். உன் காரியத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அதைக் கேட்டபோது எனக்கு ஒன்று பட்டது. நீ இதைத்தான் நினைத்தாயோ? நீ அந்தக் குழுவில் இருக்கிற வரை, நீ உள்ளே உட்கார்ந்தாலும் வெளியே போனாலும், அக்கா தயவில் வந்தவள் என்றுதான் ஊர் சொல்லும், அவளும் அப்படியே நம்பிவிடுவாள் என்று நினைத்துத்தான் தடுத்தாயோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உன்னைப் பெரிய மனுஷியாக்கிப் பார்க்க எனக்கு ஆசை, அதனால்கூட அப்படித் தோன்றியிருக்கலாம். ஒருவேளை நீ நிஜமாகவே அவள் போதாது என்று நினைத்திருந்தால்? இப்போதும் உன்மேல் கோபமாக வருகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் நீ. நீ சொல்லாமல் போனதை, தினமும் நான் சுமந்துகொண்டு திரிகிறேன். சந்தைக்குப் போனாலும் கூடவே வருகிறது.

அழுது முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கேட்டாள். "இத அக்காகிட்ட யாருக்கா சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் இழுத்துவிட்டேன். அடியே, மோனிஷா இந்திய அணியில் ஆடப்போகிறாள். இது உனக்குச் சந்தோஷமான சேதியா, இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லையேடி.